ஒரே குரு, இரண்டு தீர்ப்புகள்: சமயத் தலைவர்களைப் பற்றிய மக்கள் கருத்து எப்படி உருவாகிறது?

ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே வழிபாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள், தங்கள் சமயத் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஏன் நேரெதிரான தீர்ப்புகளைச் சொல்கிறார்கள், அந்தத் தீர்ப்பை எழுதுவது அவர்களுடைய நம்பிக்கையா அரசியலா என்பது கேள்வி. இரண்டும் சேர்ந்துதான் எழுதுகின்றன. ஆனால் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன என்பது என் கருத்து. ஒரு சமயத் தலைவர்மீது ஒருவர் கொள்ளும் உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதை நம்பிக்கை தீர்மானிக்கிறது. அந்த உணர்வு அன்பாகுமா சினமாகுமா என்பதைப் பெரும்பாலும் அரசியல் தீர்மானிக்கிறது. நம்பிக்கையற்றவரின் வெறுப்பைவிட நம்பிக்கையுள்ளவரின் வெறுப்பு கடுமையாக இருப்பதற்கு இதுதான் காரணம். வெளியில் இருப்பவர் ஒரு மதகுருவைப் பிடிக்காவிட்டால் கடந்து போய்விடுவார். உள்ளே இருப்பவரோ தம் வீட்டுப் பெரியவரே தம்மைக் கைவிட்டதாக உணர்வார்.

இதைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு, 2013 முதல் 2025 வரை கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக இருந்த போப் பிரான்சிஸ். அவரைப் பற்றிய கருத்துக்கணிப்புகள் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து எடுக்கப்பட்டன. அவர் பொறுப்பேற்ற தொடக்கத்தில் குடியரசுக் கட்சியை ஆதரிக்கும் கத்தோலிக்கர்களுக்கும் ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. 2015 பிப்ரவரியில் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் அந்நாட்டுக் கத்தோலிக்கர்களில் 90 சதவீதம் பேர் அவரைப் பற்றி நல்லெண்ணம் தெரிவித்தனர். 2024 பிப்ரவரியில் அதே மையம் கேட்டபோது அந்த எண்ணிக்கை 75 சதவீதமாக இருந்தது. மொத்தக் கணக்கைப் பார்த்தால் இது பெரிய சரிவாகத் தோன்றாது. கட்சிவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் தெரிகிறது: ஜனநாயகக் கட்சிச் சார்புள்ள கத்தோலிக்கர்களில் 89 சதவீதம் பேரும், குடியரசுக் கட்சிச் சார்புள்ளவர்களில் 63 சதவீதம் பேரும்தான் அவரை நல்லவிதமாகக் கருதினர். இரு சாராரும் சொல்லும் விசுவாசப் பிரமாணம் ஒன்றே, ஏற்கும் திருவருட்சாதனங்களும் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற சடங்குகள்) அவையே. அப்படியும் தங்கள் தலைவர்மீதான மதிப்பில் 26 புள்ளி இடைவெளி.

இடையில் நடந்தவை என்ன என்று பார்த்தால், சமயக் கோட்பாட்டின் அடித்தளத்தில் எதுவும் மாறவில்லை. அவர் எவற்றைப் பற்றி உரக்கப் பேசினார் என்பதில்தான் மாற்றம் இருந்தது. 2013 இறுதியில் சந்தைப் பொருளாதாரத்தின்மீதான மூடநம்பிக்கையைக் கண்டித்து எழுதினார். 2015 ஜூனில் சுற்றுச்சூழல் குறித்த சுற்றுமடலை, அதாவது போப்பின் போதனைக் கடிதத்தை, வெளியிட்டார். 2016 பிப்ரவரியில் மெக்சிகோவிலிருந்து திரும்பும் விமானத்தில், பாலங்களைக் கட்டாமல் மதில்களைக் கட்டுவதைப் பற்றி மட்டுமே நினைக்கும் மனிதர் கிறிஸ்தவர் அல்லர் என்ற பொருளில் பேசினார். அப்போது குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த டொனால்ட் டிரம்ப் அதற்கு உடனே பதிலடி கொடுத்தார். தட்பவெப்பநிலை மாற்றம், குடியேற்றம், சந்தை ஆகிய மூன்றும் அந்த நாட்டில் ஏற்கெனவே கட்சிக் கொடி நடப்பட்ட நிலங்கள். அங்கே காலடி வைத்தவர் எந்த நோக்கத்தில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை, எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள். கேலப் நிறுவனத்தின் கணிப்பில் 2014-க்கும் 2015 ஜூலைக்கும் இடையே பழமைவாதிகளிடம் அவருடைய ஆதரவு 72 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக விழுந்தது. கவனிக்க வேண்டிய இன்னொன்று, தாராளவாதிகளிடமும் அது 82-லிருந்து 68-க்கு இறங்கியது என்பது. அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அவர் மாறவில்லை என்ற ஏமாற்றம் அதில் ஓரளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தங்கள் கட்சிக்காரர் என்று நினைத்திருந்தவர், கருக்கலைப்பிலும் பெண் குருத்துவத்திலும் பழைய போதனையை விட்டு நகரவில்லை.

இதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1940-களில் ஃபிரிட்ஸ் ஹைடர் என்ற உளவியலாளர், நான், நான் மதிக்கும் ஒருவர், நாங்கள் இருவரும் கருத்துச் சொல்லும் ஒரு பொருள் என்ற மூன்றையும் முக்கோணமாக வைத்துப் பார்த்தார். நான் மதிப்பவர், நான் வெறுக்கும் ஒன்றை ஆதரித்தால் அந்த முக்கோணம் நிலைகுலைகிறது. மனம் அதைச் சரிசெய்யாமல் விடாது. அந்தப் பொருளைப் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். அவரைப் பற்றிய மதிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது, அவர் உண்மையில் அப்படிச் சொல்லவே இல்லை, ஊடகங்கள் திரித்துவிட்டன, மொழிபெயர்ப்பு தவறு, சுற்றியிருப்பவர்கள் அவரைத் தவறாக வழிநடத்துகிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சமயத் தலைவர்கள் விஷயத்தில் இந்தக் கடைசி வழி மிக அதிகமாகப் பயன்படுகிறது என்பது என் கணிப்பு. காரணம், நம்பிக்கை முதல் வழியைக் கோருகிறது, அரசியல் இரண்டாவதை நோக்கித் தள்ளுகிறது; மூன்றாவது வழியில் இரண்டுக்கும் வலிக்காமல் நடந்துவிடலாம். ‘மன்னர் நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள்’ என்று குடிமக்கள் சொல்லிவந்ததும் இதே தர்க்கத்தில்தான்.

இந்தத் தப்பித்தல் தலைவரோடு நின்றுவிடுவதில்லை, தெய்வம் வரை போகிறது. நிக்கோலஸ் எப்லியும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நம்பிக்கையாளர்கள் ஒரு சர்ச்சைக்குரிய விஷயத்தில் கடவுளின் எண்ணம் என்னவாக இருக்கும் என்று மதிப்பிடும்போது, பிற மனிதர்களின் எண்ணத்தை மதிப்பிடுவதைவிட அதிகமாகத் தங்கள் சொந்த எண்ணத்தையே சார்ந்திருப்பதைக் கண்டனர். அவர்களுடைய சொந்தக் கருத்தைச் சோதனையின்போது சற்றே மாற்றியபோது, கடவுளின் கருத்து என்று அவர்கள் சொன்னதும் கூடவே மாறியது. 2012-இல் லீ ராஸும் சகாக்களும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம், இயேசு இன்று வாழ்ந்தால் எந்த நிலைப்பாட்டை எடுப்பார் என்று கேட்டனர். தாராளவாதிகள் தங்களைப் போன்ற ஒருவரையும் பழமைவாதிகள் தங்களைப் போன்ற ஒருவரையும் கற்பனை செய்தனர். தங்கள் கட்சியின் வழக்கமான நிலைப்பாட்டுக்கும் சமய போதனைக்கும் இடையே இழுபறி உள்ள இடங்களில் இரு சாராரும் ஓரளவு விட்டுக்கொடுத்தனர் என்பதும் அதே ஆய்வில் வந்தது: பழமைவாதிகள் ஏழைகள், குடியேறிகள் விஷயத்திலும், தாராளவாதிகள் பாலியல் ஒழுக்கம் தொடர்பான விஷயங்களிலும். ஆக, நம்பிக்கை வெறும் முகமூடி என்று சொல்லிவிட முடியாது, அது கொஞ்சம் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் தெய்வத்தின் வாயிலேயே தன் சொல்லை வைக்கத் துணியும் மனம், கண்ணெதிரே நிற்கும் ஒரு பேராயரையோ ஆயத்துல்லாவையோ பிக்குவையோ விட்டுவைக்குமா?

‘சமயத் தலைவர்கள் அரசியல் பேசக் கூடாது’ என்ற புகாரையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது ஒரு கொள்கையாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் அப்படிப் பயன்படுவது அரிது. போப் இரண்டாம் ஜான் பால் 1979-இல் போலந்துக்குச் சென்றபோது அங்கே கம்யூனிச ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்தப் பயணம் மக்களுக்குக் கொடுத்த துணிவும், அதற்கடுத்த ஆண்டு தோன்றிய தொழிலாளர் இயக்கத்தில் அதன் தாக்கமும் மேற்கத்திய வலதுசாரிகளால் இன்றுவரை கொண்டாடப்படுகின்றன. அதே போப், 2003-இல் ஈராக் போர் வேண்டாம் என்று சொல்லத் தம் தூதராகக் கர்தினால் பியோ லாகியை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியபோது, முன்பு கைதட்டியவர்களில் பலர், இது ஆட்சியாளர்கள் விவேகத்தால் முடிவுசெய்ய வேண்டியது, விசுவாசப் போதனை அல்ல என்று விளக்கம் சொன்னார்கள். இடதுசாரிகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டனர். 1983-இல் நிகரகுவா விமான நிலையத்தில், புரட்சி அரசில் அமைச்சராக இருந்த எர்னெஸ்தோ கார்தெனால் என்ற குருவானவர் முழந்தாளிட்டு வணங்க, அவரை நோக்கி விரல் நீட்டி போப் கண்டித்த காட்சியை அவர்கள் மன்னிக்கவில்லை. போரையும் மரண தண்டனையையும் எதிர்த்து அவர் பேசியபோது மட்டும் ஆர்வத்தோடு மேற்கோள் காட்டினார்கள். அந்த மனிதர் தம் அளவில் ஓரளவு ஒழுங்கான ஒரே சிந்தனையோடுதான் இருந்தார். எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதை வாசகர்கள்தான் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தார்கள்.

தனிமனித ஒழுக்கத்தைப் பேசினால் அது சமயம், பொருளாதார அமைப்பைப் பேசினால் அது அரசியல் என்று கோடு கிழிக்கும் பழக்கமும் இருக்கிறது. பிரேசிலில் ஒலிந்தா–ரெசிஃபே மறைமாவட்டத்தின் பேராயராக 1964 முதல் 1985 வரை இருந்த எல்டர் கமாரா, ஏழைகளுக்கு உணவு கொடுத்தால் என்னைப் புனிதர் என்கிறார்கள், அவர்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று கேட்டால் கம்யூனிஸ்ட் என்கிறார்கள் என்று சொன்னதாகப் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது இந்தக் கோட்டைப் பற்றித்தான். இராணுவ ஆட்சி அவருடைய பெயரையே ஊடகங்கள் குறிப்பிடாதபடி தடுத்த காலமும் இருந்தது. மாறாக, அதே காலத்தில் ஆட்சியாளர்களோடு இணங்கிப்போன மதகுருக்கள் யாரையும் ‘அரசியல் செய்கிறார்’ என்று ஆட்சியின் ஆதரவாளர்கள் குறை சொல்லவில்லை. இருக்கும் நிலைமையை ஆதரிப்பதும் அரசியல்தான் என்பது அதை ஆதரிப்பவர்களின் கண்ணுக்குப் படுவதில்லை.

மார்ட்டின் லூதர் கிங்கின் கதை இன்னும் கூர்மையானது. இன்று அவரைப் பற்றி நினைக்கும் யாரும், அவர் வாழ்ந்த காலத்தில் பெரும்பான்மையான அமெரிக்கர்களுக்குப் பிடிக்காதவராக இருந்தார் என்பதை எளிதில் நம்ப மாட்டார்கள். 1966-இல் கேலப் எடுத்த கணிப்பில் 63 சதவீதம் பேர் அவரைப் பற்றி எதிர்மறையான கருத்து தெரிவித்தனர். அவர் பாப்டிஸ்ட் போதகர். அவரை எதிர்த்த வெள்ளையர்களில் மிகப் பலர் அதே பாப்டிஸ்ட் மரபில் வந்தவர்கள். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் வியட்நாம் போரைக் கண்டித்தபோது, கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் அவரை ஆதரித்துவந்த பெரிய நாளேடுகளே அவர் தம் எல்லையைத் தாண்டிவிட்டதாக எழுதின. 2011-இல் அதே கேலப் நிறுவனம் கேட்டபோது 94 சதவீதம் பேர் அவரைப் போற்றினர். தலைமுறை மாறியது ஒரு காரணம். நாட்டின் மனசாட்சி மாறியதும் காரணம். ஆனால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பாடப்புத்தகங்களில் நிலைத்த கிங், 1963-இல் கனவைப் பற்றிப் பேசியவர்தான், போரையும் வறுமையையும் பொருளாதார அநீதியையும் பற்றிப் பேசிய 1967-இன் கிங் அவ்வளவாக உள்ளே வரவில்லை. எல்லாருக்கும் பொதுவானவராக ஆவதற்கு அவர் ஓரளவு கத்தரிக்கப்பட வேண்டியிருந்தது.

இனி, சமயத்துக்குச் சமயம் வேறுபடும் ஒரு விஷயம். தலைவர் எப்படித் தலைவராகிறார் என்பதைப் பொறுத்து மக்கள் கருத்தின் பலமும் மாறுகிறது. சாதாரணக் கத்தோலிக்கரால் போப்பைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ முடியாது. அதனால் அதிருப்தி கொண்டவர், ‘பதவியை மதிக்கிறேன், ஆளை ஏற்கவில்லை’ என்றோ, முந்தைய போப்பின் காலத்தை ஏங்கிப் பேசியோ தம் எதிர்ப்பை வெளிப்படுத்துகிறார். புராட்டஸ்டண்ட் சபைகளில் நிலைமை வேறு: போதகரைப் பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் வேறு சபைக்குப் போய்விடலாம். இதனால் அங்கே எஞ்சியிருப்பவர்களிடம் கேட்டால் போதகருக்கும் மக்களுக்கும் இடையே அழகான ஒற்றுமை தெரியும். போதகர் மக்களை மாற்றினார் என்று அதற்குப் பொருள் கொள்வது அவசரம். ஒத்துவராதவர்கள் வெளியேறிவிட்டார்கள் என்பதே பல நேரம் நடந்திருக்கும்.

இஸ்லாத்தின் ஷியா மரபு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நம்பிக்கையாளர் ஒவ்வொருவரும் தாம் பின்பற்ற வேண்டிய மூத்த அறிஞரை, மர்ஜாவை, தாமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். கொள்கைப்படி மிகவும் கற்றறிந்தவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் யார் மிகவும் கற்றறிந்தவர் என்று ஒருவர் முடிவுக்கு வருவதில், அந்த அறிஞர் ஆட்சியதிகாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதும் கலந்துவிடுகிறது. ஈராக்கின் நஜஃப் நகரில் வாழும் ஆயத்துல்லா அலி சிஸ்தானியின் செல்வாக்கு இங்கே கவனத்துக்குரியது. சமய அறிஞரே நாட்டை நேரடியாக ஆள வேண்டும் என்ற ஈரானியக் கோட்பாட்டின் வழியில் அவர் செல்லவில்லை. பொதுவெளியில் தோன்றுவது மிக அரிது. அவருடைய சொற்கள் பிரதிநிதிகள் வழியாக, பெரும்பாலும் கர்பலாவின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் வெளிவந்தன. 2004 ஆகஸ்டில் நஜஃபில் அமெரிக்கப் படைக்கும் ஷியா மதகுரு முக்ததா சதரின் படைக்கும் நடந்த மோதலை, லண்டனில் சிகிச்சை முடித்துத் திரும்பிய அவர் தலையிட்டு நிறுத்தினார். 2014 ஜூனில் அவருடைய ஃபத்வாவுக்கு (சமயத் தீர்ப்புக்கு) பிறகு ஆயிரக்கணக்கானோர் ஐ.எஸ். அமைப்பை எதிர்த்துப் போரிடத் திரண்டனர். 2019 நவம்பர் 29 அன்று, அரசை ஆதரிப்பதை நாடாளுமன்றம் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற பொருளில் அவருடைய பிரசங்கம் அமைந்ததும், பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி பதவி விலகப்போவதாக அறிவித்தார். அப்போது தெருவில் போராடியவர்களில் சமயக் கட்சிகள்மீதே வெறுப்புற்றிருந்த இளைஞர்கள் ஏராளம். அவர்களிலும் பலர் இவரை மட்டும் வேறாகப் பார்த்தனர்.

அரசியல் பிளவைத் தாண்டி மதிப்பைக் காப்பாற்றிக்கொண்ட சமயத் தலைவர் என்று அவரைச் சொல்லலாம். அதற்கான காரணத்தை அவருடைய இறைப்பற்றில் மட்டும் தேடுவது போதாது என்று நினைக்கிறேன். அவர் குறைவாகப் பேசினார். பேசியபோது எந்தக் கட்சிக்கும் நிலையான ஆதாயம் கிடைக்காதபடி பேசினார். பல ஆண்டுகள் ஆளும் அரசியல்வாதிகளைச் சந்திக்கவே மறுத்தார். ஒரு வாரத்துக்கு நான்கு அறிக்கை விடும் தலைவருக்கு இது வாய்க்காது. ஒவ்வொரு அறிக்கையும் ஒரு புதிய முக்கோணத்தை உருவாக்குகிறது. ஒவ்வொரு முக்கோணத்திலும் யாரோ ஒருவர் உடைந்து போகிறார்.

ஆட்சியோடு மிக நெருங்கினால் நடப்பதற்கு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் தலைவரான மாஸ்கோ பேராயத்தலைவர் கிரில் சான்று. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது அவர் அதை ஆதரித்துப் பேசினார். உக்ரைனில் அவருடைய ஆன்மிக அதிகாரத்தின் கீழ் இருந்த ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் மன்றம், அந்த ஆண்டு மே 27 அன்று அவருடைய நிலைப்பாட்டை ஏற்க மறுத்து, தன் முழுச் சுயேச்சையை அறிவித்தது. குண்டு விழும் ஊரில் இருப்பவர்கள், அந்தக் குண்டை ஆதரித்தவரின் பெயரை வழிபாட்டில் தொடர்ந்து சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், நம்பிக்கைக்கும் அரசியலுக்கும் இடையிலான இழுபறி ஏட்டுச் சர்க்கரையாக இல்லாமல் நாவிலேயே உறைக்கும். அங்கே பல குருக்கள் மன்றம் கூடுவதற்கு முன்பே அவருடைய பெயரைச் சொல்வதை நிறுத்தியிருந்தனர்.

தலைவரைப் பற்றிய கருத்து சமயத்தைப் பற்றிய கருத்தாகவும் கசிந்துவிடும் என்பது பலரும் கவனிக்காத பக்கம். அரசியல் கருத்தைச் சமயம் உருவாக்குகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1990-களில் அமெரிக்காவில், எந்தச் சமயத்தையும் சேராதவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களின் விகிதம் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இரட்டிப்பானது. மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002-இல் இதை ஆராய்ந்து, அவர்களில் பெரும்பாலோர் கடவுள் நம்பிக்கையை இழக்கவில்லை, சமய வலதுசாரித் தலைவர்களின் அரசியலோடு தங்கள் பெயர் சேர்வதைத்தான் விரும்பவில்லை என்ற விளக்கத்தை முன்வைத்தனர். மிதவாதிகளும் தாராளவாதிகளும்தான் அப்படி விலகியவர்கள். பழமைவாதிகளிடம் அந்த மாற்றம் இல்லை. அதாவது, ஒரு சமயத் தலைவர் அரசியல் மேடையில் ஏறும்போது, எதிர்ப்பவர்களில் ஒரு பகுதியினர் அவரோடு வாதிடுவதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எடுக்கப்படும் ‘விசுவாசிகளின் கருத்து’ என்ற கணிப்பில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஊழலும் குற்றமும் வெளிப்படும்போதாவது அனைவரும் ஒரே தீர்ப்புக்கு வருவார்கள் என்று எதிர்பார்க்கலாம். குற்றம் குற்றமே என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபடுகிறார்கள். அதன் காரணம் எது என்பதில் பிரிந்துவிடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலப் பெரு நடுவர் குழுவின் அறிக்கை, 300-க்கும் மேற்பட்ட குருக்கள் 1,000-க்கும் மேற்பட்ட சிறாரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாகச் சொன்னது. பழமைவாதக் கத்தோலிக்கர்கள் பலர், 1960-களுக்குப் பிறகு ஒழுக்கப் போதனை தளர்ந்ததன் விளைவு இது என்றனர். தாராளவாதிகள், கேள்வி கேட்க முடியாத குருத்துவ அதிகாரமும் மூடிமறைக்கும் பண்பாடும்தான் காரணம் என்றனர். அறிக்கையைத் திறப்பதற்கு முன் எந்த நோயைச் சந்தேகித்தார்களோ, அதே நோயைத்தான் இரு சாராரும் அதில் கண்டார்கள். இந்த இரண்டாவது விளக்கத்துக்குச் சான்று வலுவாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஏனெனில் மூடிமறைத்த ஆயர்களில் பழமைவாதிகளும் இருந்தனர், தாராளவாதிகளும் இருந்தனர், அவர்களுக்குப் பொதுவாக இருந்தது அதிகாரம்தான். மொத்தத்தில் நம்பிக்கை சரிந்தது: அமெரிக்காவில் மதகுருமாரின் நேர்மையை உயர்வாக மதிப்பிட்டவர்கள் கேலப் கணிப்பில் 1985-இல் 67 சதவீதம், 2023-இல் 32 சதவீதம்.

ஒழுக்க அளவுகோலே அரசியல் தேவைக்கேற்ப நீளவும் குறுகவும் கூடும். தனிவாழ்வில் ஒழுக்கக்கேடாக நடந்த ஒரு மக்கள் பிரதிநிதி, பொதுக் கடமையில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 2011-இல் கேட்டபோது வெள்ளை இவாஞ்சலிகல் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேர்தான் முடியும் என்றனர். 2016-இல் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றனர். அது அரசியல்வாதியைப் பற்றிய கேள்வி, மதகுருவைப் பற்றியது அல்ல. ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் வேதவசனம் எதுவும் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறினார்: டிரம்ப் வந்தார். அந்த வேட்பாளரை ஆதரித்த போதகர்களுக்கும் எதிர்த்த போதகர்களுக்கும் சபையினரிடம் கிடைத்த வரவேற்பை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

வெளியாரின் அன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலாய் லாமாவைப் பௌத்தர் அல்லாத கோடிக்கணக்கானோர் மதிக்கிறார்கள். சீன அரசு அவரைப் பிரிவினைவாதி என்கிறது. திபெத்தியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அவர் உயிரினும் மேலானவர். ஆனால் அவரைக் கடுமையாக எதிர்த்து மேற்கு நாடுகளின் தெருக்களில் முழக்கமிட்டவர்களில், ஷுக்தென் என்ற காவல் தெய்வ வழிபாட்டை அவர் கைவிடச் சொன்னதை ஏற்காத திபெத்தியப் பௌத்தர்களும் அடக்கம். வெளியில் இருந்து நேசிப்பவருக்கு அவர் புன்னகையும் அகிம்சையும் மட்டுமே. அந்த வழிபாட்டைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். அவர் தம்மைப் பொருளாதாரச் சிந்தனையில் மார்க்சியர் என்று பலமுறை சொல்லியிருப்பதையும் அவருடைய வலதுசாரி ரசிகர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. எதையும் இழக்கத் தேவையில்லாத இடத்திலிருந்து வரும் மதிப்பு அகலமாக இருக்கும், ஆழமாக இருக்காது.

தலைவர் நின்ற இடத்திலேயே நிற்க, அவரைச் சுற்றியிருந்த கூட்டம் மட்டும் மாறுவதும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 1980-களில் நிறவெறி அரசின்மீது பொருளாதாரத் தடை வேண்டும் என்று உலகெங்கும் கேட்டபோது, வெள்ளையர்களில் பலருக்கு அவர் தேசத்துரோகி. 2011-இல் அவருடைய 80-ஆவது பிறந்தநாளுக்குத் தலாய் லாமா வருவதற்கான விசா உரிய நேரத்தில் கிடைக்காமல் போனபோது, ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அரசைப் பார்த்து, நிறவெறி ஆட்சியின் வீழ்ச்சிக்கு ஜெபித்ததுபோல் உங்கள் வீழ்ச்சிக்கும் ஒருநாள் ஜெபிப்போம் என்ற பொருளில் வெளிப்படையாக எச்சரித்தார். இப்போது ஆளுங்கட்சியினர் முகம் சுளித்தார்கள். முன்பு தூற்றியவர்களில் சிலர் மெச்சினார்கள். இரண்டு காலத்திலும் அவர் கேட்டது ஒன்றைத்தான். ஒரு சமயத் தலைவர் கட்சிக்காகப் பேசுகிறாரா, தம் நம்பிக்கைக்காகப் பேசுகிறாரா என்று அறிய எனக்குத் தெரிந்து நம்பகமான சோதனை இதுதான்: தமக்கு வேண்டியவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகு அவர் என்ன பேசினார் என்று பார்ப்பது. ஆனால் மக்கள் கருத்து இந்தச் சோதனைக்காகக் காத்திருப்பதில்லை.

இதையெல்லாம் வைத்து, நம்பிக்கை வெறும் உப்புக்குச் சப்பாணி என்று முடிவுகட்டினால் அது பிழை. எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1977-இல் அந்தப் பதவிக்கு வந்தபோது, பழமைவாதி, அமைதியானவர் என்று மேல்தட்டினர் மகிழ்ந்தனர். சில வாரங்களில் அவருடைய நண்பரான ருத்திலியோ கிராந்தே என்ற குருவானவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பிறகு ரொமேரோ தம் வானொலி மறையுரைகளில், காணாமல் போனவர்களின் பெயர்களையும் கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் வாரந்தோறும் படிக்கத் தொடங்கினார். ஏழை விவசாயிகள் அவரைத் தந்தையாக ஏற்றனர். மகிழ்ந்திருந்த மேல்தட்டினர் அவரைக் கம்யூனிஸ்ட் என்றனர். சக ஆயர்களிலேயே பெரும்பாலோர் எதிர்த்தனர். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கும் பணி, அவருடைய அரசியலைப் பற்றிய ஐயங்களால் நெடுங்காலம் தேங்கி நின்று, 2018 அக்டோபரில்தான் நிறைவேறியது. இதற்கிடையே ஐக்கிய நாடுகள் அவையின் உண்மை ஆணையம் 1993-இல், கொலைக்கு ஆணையிட்டவர் என்று வலதுசாரி அரேனா கட்சியை நிறுவிய ரொபெர்தோ டாபுய்சோனைப் பெயர் குறிப்பிட்டது. டாபுய்சோனின் உடன்பிறந்த சகோதரி மரிசா, ரொமேரோவைப் பின்பற்றியவர். பேராயரின் நினைவைப் போற்றிக் காக்கும் பணியில் ஈடுபட்டவர். இருவரும் ஒரே வீட்டில், ஒரே கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்ந்தவர்கள்.